நினைவின் சுமையும் குறிப்பேட்டின் பயனும்

ஒரு சாதாரணக் குடும்பஸ்தன் இன்றைக்கு மறவாமல் செய்யவேண்டிய காரியங்களைச் சற்றே நிதானமாக எண்ணிப் பார்ப்போமானால், அவனுடைய பாட்டனார் அறிந்திராத ஒரு வகைப் பாரத்தை அவன் நாள்தோறும் தலைக்குள் சுமந்து திரிகிறான் என்பது விளங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்துவரி, பருவந்தோறும் பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வாகனத்துக்குப் புகைச் சான்று, வங்கியில் புதுப்பிக்க வேண்டிய விவரங்கள். மத்திய அரசில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தந்தையார் வீட்டில் இருந்தால், நவம்பர் பிறந்ததும் அவருடைய வாழ்நாள் சான்றிதழ். கைக்குழந்தை இருந்தால், தடுப்பூசி அட்டையில் குறித்துக் கொடுத்த தேதிகள். இவற்றில் எதுவும் பெருங்காரியம் என்று சொல்லத்தக்கதன்று. பெரும்பாலானவை அரைமணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியவையே. ஆயினும், உத்தியோகத்தின் நடுவிலும் உணவின் நடுவிலும், சில சமயம் நள்ளிரவில் உறக்கத்தின் நடுவிலும், அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைநீட்டி, செய்துகொண்டிருக்கும் வேலையின் மீதுள்ள சிரத்தையைக் கலைத்து, செய்யாத வேலையைப்பற்றிய வீண் கவலையை வளர்த்துவிட்டுப் போகின்றன.

இந்தத் துன்பத்துக்குப் பரிகாரமாகப் புத்தகங்களும் செயலிகளும் ஆயிரக்கணக்கில் விற்பனையாகின்றன. அவற்றை நான் குறைகூற வரவில்லை. ஆனால் எந்த முறையை அனுசரித்தாலும் அதற்கு ஆதாரமாக இருக்கவேண்டியது ஒன்றே என்பது என் திடமான அபிப்பிராயம்: செய்யவேண்டிய காரியத்துக்கு மனத்துக்கு வெளியே ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை மனம் பரிபூரணமாக நம்பவேண்டும். இந்த நம்பிக்கை உண்டாகாதவரையில் தங்கநிற விளிம்பிட்ட டைரியானாலும் சரி, விலையுயர்ந்த கைபேசியானாலும் சரி, பிரயோஜனம் இல்லை.

முடியாத காரியம் மனத்தை விட்டு நீங்காது என்பதை விஞ்ஞான ரீதியாக முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி. பெர்லின் பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின் என்னும் பேராசிரியரிடம் அவர் மாணவியாக இருந்தார். உணவு விடுதியில் பரிமாறுபவர், பணம் வாங்காத மேஜைகளின் கணக்கை எழுதாமலே ஒப்பிப்பதையும், பணம் வாங்கியபின் அதே கணக்கை அடியோடு மறந்துவிடுவதையும் கண்டுதான் இந்த ஆராய்ச்சி தோன்றியது என்று சொல்வது வழக்கம். ஸைகார்னிக் தம்மிடம் வந்தவர்களுக்குப் புதிர் விடுவித்தல், மண்ணால் உருவம் பிடித்தல் முதலான சிறுசிறு வேலைகளைக் கொடுத்து, அவற்றில் பாதியை முடிக்கவிட்டு, மற்றப் பாதியை இடையிலேயே நிறுத்தினார். பின்னர் விசாரித்தபோது, முடித்த வேலைகளைக் காட்டிலும் நிறுத்திய வேலைகளே அவர்கள் நினைவில் மிகுதியாக நின்றன என்று 1927-ஆம் ஆண்டு வெளியிட்டார். பிற்காலத்தில் இதே பரீட்சையைச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதே முடிவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான மஸிகாம்ப்போவும் பாமெய்ஸ்டரும் வெளியிட்டது நம்முடைய விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. முடியாத காரியம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நூலைப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காரியம் இடைவிடாது குறுக்கிட்டது. அதை எப்போது, எவ்விதம் செய்வது என்று திட்டமிட்டுவிட்டவர்களுக்கோ, காரியம் முடியாமல் இருக்கும்போதே மனம் அமைதியாயிற்று. பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் என்பவர் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், படுக்கப்போகும் முன் 5 நிமிஷம் வரும் நாட்களில் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரி 9 நிமிஷம் முன்னதாக உறங்கிவிட்டார்கள். எவ்வளவுக்கு விவரமாக எழுதினார்களோ அவ்வளவுக்கு விரைவில் உறக்கம் வந்தது. வள்ளுவர் ‘வினைசெயல்வகை’ என்னும் அதிகாரத்தில், முடிக்காமல் மிச்சம் வைத்த வேலையைப் பகையின் மிச்சத்தோடு சேர்த்துவைத்து, இரண்டையும் அணையாது விட்ட நெருப்புக்கு உவமித்திருப்பதன் ஆழம் இங்கே நன்கு புலனாகிறது.

ஆகவே எழுதவேண்டும். எப்படி எழுதுவது? இதற்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் கடைவீதிகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த கணக்கு முறையைப் பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் சிட்டைப் புத்தகம் ஒன்று கிடக்கும். பணம் வந்தாலும் போனாலும், சரக்கு கடனுக்குப் போனாலும், அந்தக் கணமே, கையெழுத்தின் அழகையும் வரிசையையும் பாராமல், அதில் ஒரு வரி விழுந்துவிடும். வியாபாரம் ஓய்ந்தபின் கணக்குப்பிள்ளை அந்தச் சிட்டையை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் பேரேட்டில் அவரவர் பெயருக்கு உரிய பக்கத்தில் நிதானமாகப் பதிவார். இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பதை அந்த வியாபாரிகள் அறிந்திருந்தார்கள். முதலாவது, நழுவவிடாமல் பிடித்தல். அதற்கு வேகம் வேண்டும், யோசனை கூடாது. இரண்டாவது, பிடித்ததை உரிய இடத்தில் சேர்த்தல். அதற்கு யோசனை வேண்டும், அவசரம் கூடாது. நம்மில் அநேகர் குறிப்பெழுதத் தொடங்கிப் பத்து நாளில் கைவிடுவதற்குக் காரணம், பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டாவது தொழிலையும் செய்ய முயல்வதும், அதனால் சலித்துப்போய், இரவில் ஓய்வாக உட்கார்ந்து செய்யவேண்டியதை அறவே விட்டுவிடுவதுமே ஆகும். சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதமோ கைபேசியில் ஒரு பக்கமோ சிட்டையாக இருக்கட்டும். இரவு உணவுக்குப் பிறகு கால்மணி நேரம் பேரேட்டுக்கு என்று ஒதுக்குங்கள். இந்தக் கால்மணி நேரம் ஒன்றுதான் முறையின் உயிர்நிலை.

பேரேடு ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். ஒரு காரியம் கைபேசியிலும், இன்னொன்று தமக்குத்தாமே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியிலும், வேறொன்று ஜனவரி மாதத்தில் நகைக்கடையில் கொடுத்த டைரியிலும், மற்றொன்று கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்திலும் கிடக்குமானால், எழுதியும் எழுதாததற்கே சமானம். எங்கே எழுதினோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு மீண்டும் மனத்தின்மீதே வந்து விழுகிறது. நம்பத்தகாத இடம் என்று அறிந்த மனம், பழையபடி தானே எல்லாவற்றையும் காக்கத் தொடங்கிவிடுகிறது.

எழுதும் வாசகத்திலும் கவனம் வேண்டும். ‘பட்டா’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிவைத்தால் அது வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து நம்மை உறுத்திக்கொண்டிருக்கும். ‘விண்ணப்ப எண்ணை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாறுதலின் நிலையைக் கேட்பது’ என்று எழுதினால் கால் தானாக நடக்கும். ‘தங்கை கல்யாணம்’ என்பது ஒரு காரியமே அன்று. நூறு காரியங்களுக்கு இட்ட பொதுப்பெயர். ‘மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது’ என்பது காரியம். டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001-ஆம் ஆண்டு எழுதி உலகமெங்கும் பரவிய நூலின் சாரங்களுள் இது ஒன்று: கைகால்கள் அடுத்துச் செய்யவேண்டிய செயல் எது என்பதை எழுது என்பதே அவர் போதனை. அந்த நூலில் வேறு பல ஏற்பாடுகளும் உண்டு. பெரிய அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு அவை உதவலாம். நமக்கு இந்த ஒன்றே போதும்.

இனி, ஒருவருடைய முறை மற்றவருக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதைப் பார்ப்போம். பெஞ்சமின் பிராங்க்ளின், தாம் பயிலவேண்டிய 13 நற்குணங்களைச் சிறு புத்தகம் ஒன்றில் கட்டம் கட்டி எழுதி, தவறிய நாட்களில் கரும்புள்ளி இட்டுவந்தார். காலை 5 மணி தொடங்கி இரவு 10 மணி வரையில் நாளைப் பகுத்து அட்டவணையும் அமைத்தார். அத்தகைய மனிதர், தம் சுயசரிதையில், ஒழுங்கு என்னும் குணமே தமக்கு எல்லாவற்றிலும் அதிகத் தொல்லை கொடுத்தது என்று ஒளிவின்றி எழுதியிருக்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கூலிக்கு அச்சுக் கோக்கும் தொழிலாளிக்குத் தன் வேளை தன் வசத்தில் இருக்கும். அச்சகத்தின் முதலாளிக்கோ, வருகிறவர்கள் வருகிற வேளையே வேளை. அவன் எந்த அட்டவணையை முழுமையாகக் காக்க முடியும்? பிராங்க்ளினுக்கே இது நேர்ந்தது என்றால், பிறர் எழுதிய கால அட்டவணையைக் காக்க இயலவில்லையே என்று நாம் நம்மை நொந்துகொள்வதில் அர்த்தம் இல்லை.

1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவான சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 25 நிமிஷப் படிப்புக்குப் பின் சிறிது ஓய்வு என்ற முறையை அமைத்துக்கொண்டார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு அது உகந்தது. அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கு 25 நிமிஷத்தை யார் கொடுப்பார்கள்? அவருக்கு உகந்தது, பணி மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கும் குறிப்பு. நெல் பயிரிடும் விவசாயிக்கு நாள் அளவு போதாது. நாற்றுவிட்டது முதல் எண்ணி, களையெடுப்பும் உரமிடலும் எந்த வாரம் என்று பருவத்தையே பட்டியலாக்கிக்கொள்வது அவருக்குப் பொருத்தம். பள்ளி ஆசிரியருக்கு வாரமும், பத்திரிகையில் பணிபுரிபவருக்கு மணியும் அலகாகின்றன. தன் வேலை எந்தக் காலஅளவில் புரள்கிறது, தன் நேரத்தில் எவ்வளவு தன் வசத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் நிர்ணயித்துக்கொண்டவருக்கு, தமக்கு உரிய முறை தானாகவே அமைந்துவிடும்.

காகிதமா, கைபேசியா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. தேதி தவறினால் நஷ்டமோ அபாயமோ விளையக்கூடியவற்றை, அதாவது மருந்து வேளை, தவணைக் கடைசிநாள், ரயில் முன்பதிவு தொடங்கும் நாள் ஆகியவற்றைக் கைபேசியின் மணி ஓசைக்கு விட்டுவிடலாம். மறவாமல் ஒலிப்பதில் அது மனிதரை மிஞ்சியது. மற்றவற்றுக்குக் காகிதமே சிறந்தது என்பேன். கைபேசியில் ஒரு காரியத்தை நாளைக்கென்று தள்ளிவைக்க விரல்நுனியின் ஓர் அசைவு போதும். அதனால்தான் அங்கே எண்பது காரியங்கள் நாள்தோறும் நாளைக்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. காகிதத்தில் தள்ளிவைக்க வேண்டுமானால் கையால் மீண்டும் எழுதியாகவேண்டும். நான்காவது முறையாக அதே வரியை எழுதும்போது, இதை நான் மெய்யாகவே செய்யப்போகிறேனா என்ற கேள்வி எழாமல் இராது. ரைடர் காரல் என்பவர் 2013-இல் வெளியிட்டு இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் குறிப்பேட்டு முறை, இந்தச் சிரமத்தையே ஒரு சாதனமாக வைத்திருக்கிறது: மாத முடிவில் மிஞ்சியவற்றைப் புதிய பக்கத்துக்குக் கையால் மாற்றி எழுதுவது, எழுதத் தகுதியற்றதை அடித்துவிடுவது.

அடித்துவிடுதல் என்ற இந்தச் செயலுக்கு நம்மிடையே உரிய மதிப்பு இல்லை. முடித்ததை அடிப்பதில் எல்லாருக்கும் ஆனந்தம் உண்டு. முடிக்கமாட்டோம் என்று தீர்மானித்து அடிப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். காரியங்களுக்கு ஆகும் காலத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது பலமுறை நிரூபணமான உண்மை. கனடா நாட்டில் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பட்ட ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரி 34 நாளில் முடிப்போம் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் அதிகம். நம்முடைய காலைப் பட்டியலும் இத்தகைய மதிப்பீடே. 14 காரியங்களை எழுதி ஐந்தை முடித்துவிட்டு, ஒன்பது முடியவில்லை என்று வருந்தி உறங்குவதைவிட, நான்கை எழுதி நான்கையும் முடிப்பது மேலானது. மிஞ்சியவற்றில், செய்யவே போவதில்லை என்று உள்ளம் அறிந்தவற்றை அடித்துவிட்டு, அவை பிறருக்கு அளித்த வாக்காக இருப்பின், என்னால் இயலாது என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடுவதும் இந்த முறையின் ஓர் அங்கமே. பட்டியலில் கிடத்தி வைத்து மாதக்கணக்கில் ஒருவரைக் காத்திருக்கச் செய்வது மரியாதை ஆகாது.

இதுவரை சொன்னவை தனி மனிதரைப் பற்றியவை. நான் மிக முக்கியமாகக் கருதுவது இனிமேல்தான் வருகிறது. நம் வீடுகளில் செய்யவேண்டியவற்றின் பட்டியல் பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் இல்லை. தாயாரின் தலைக்குள், அல்லது மனைவியின் தலைக்குள் இருக்கிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கும், சிலிண்டர் மாற்றிய தேதியும் அவர் கையெழுத்தில் இருக்கும். காகிதத்துக்கு வந்தது அவ்வளவே. துவரம்பருப்பு எத்தனை நாளைக்கு வரும், மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை எப்போது தீரும், பையனுடைய சீருடை எப்போது குட்டையாகும், எந்த உறவினர் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் எழுதவேண்டும், பள்ளிக்கூடத்தில் எந்த நாள் பெற்றோர் கூட்டம் என்பனவெல்லாம், எழுதாத ஏடாக, இரவும் பகலும் அவருக்குள் புரண்டுகொண்டே இருக்கின்றன.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள்; ஆண்கள் 97 நிமிஷம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேர்தாம். இந்தக் கணக்கு பெரும்பாலும் கைகளின் உழைப்பைக் கூறுகிறது. வேலையை முன்கூட்டி நினைத்து, வழி தேடி, முடிந்ததா என்று கண்காணிக்கும் மனத்தின் உழைப்பு இந்த நிமிஷங்களுக்குள் முழுமையாக அடங்குவதில்லை. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் அலிசன் டேமிஞ்சர் 2019-இல் எழுதிய கட்டுரை, அந்நாட்டுத் தம்பதிகளை விசாரித்து, இந்த மன உழைப்பை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டியது: வரப்போகும் தேவையை முன்னறிதல், அதற்கான வழிகளைத் தேடுதல், தீர்மானித்தல், மேற்பார்த்தல். தீர்மானிக்கும் கட்டத்தில் கணவர்களும் பங்கு கொண்டார்கள். முன்னறிதலும் மேற்பார்த்தலும் பெரும்பாலும் மனைவியரிடமே தங்கிவிட்டன. கடல் கடந்த நாட்டின் கதை என்றாலும், நம் வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்து எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

‘சொன்னால் செய்யமாட்டேனா?’ என்று நம் ஆண்கள் கேட்பதுண்டு. நல்லெண்ணத்தோடு கேட்பதே அது. ஆயினும் ‘சொல்’ என்று விடும்போதே, நினைவில் வைப்பதும், உரிய வேளையில் எடுத்துச் சொல்வதும், செய்தாயிற்றா என்று மறுபடி கேட்பதும் அவளுடைய வேலையாகவே நிலைத்துவிடுகின்றன. கடைக்குப் போய் மாத்திரை வாங்கிவருவது பத்து நிமிஷ வேலை. அது தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முப்பது நாள் வேலை. பத்து நிமிஷத்தைப் பகிர்ந்துகொண்டு முப்பது நாளை ஒருத்தியிடம் விட்டுவைப்பது நியாயமான பங்கீடு ஆகுமா?

நம்மவர்களுக்கு இதற்கு வழி தெரியாது என்று சொல்வதற்கில்லை. வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானதும் என்ன செய்கிறோம்? பெரியவர்கள் கூடத்தில் கூடி உட்கார்ந்து, புதிய தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுத, ஆதியோடந்தமாகப் பட்டியல் போடுகிறோம். மண்டபம் பெரியப்பா, பத்திரிகை அச்சடிப்பது அண்ணன், சமையற்காரரும் பந்தியும் மாமா, ஜவுளி அத்தை என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே ஒரு பெயர் விழுகிறது. பந்திப் பொறுப்பை ஏற்ற மாமாவுக்கு, இலை வந்ததா என்று வேறொருவர் ஞாபகமூட்ட வேண்டியதில்லை. முழுப் பொறுப்பும் அவருடையது. ஆயிரம் பேர் உண்டு செல்லும் வைபவத்தை இந்த முறையால் குறைவின்றி நடத்துகிற நாம், நான்கு பேர் வாழும் வீட்டின் நித்திய காரியங்களை மட்டும் ஏன் ஒருவருடைய நினைவுக்கு விட்டுவைத்திருக்கிறோம்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். வீட்டில் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவரை உட்காரவைத்து, அவர் மனத்தில் உள்ளவற்றையெல்லாம் சொல்லச் சொல்லி, மற்றவர் எழுதுங்கள். எழுதும் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடாதீர்கள். எழுதி முடித்தபின், பிறர் உங்கள் பெயரை எழுதும்வரை காத்திராமல், எந்தெந்த வரியின் முழுப் பொறுப்பையும் உங்களால் ஏற்க இயலுமோ அந்தந்த வரிக்கு எதிரே உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.